பழைய கைத்துப்பாக்கியின் குழலும் அறையும் எவ்வளவு தேய்ந்திருக்கின்றன? சுடலாமா என்று கேட்கும் முன் அளந்து பார்க்க ஒரு முழு வழிகாட்டி

கடையம் பக்கம் ஒரு பழைய வீட்டில் அண்ணாச்சி ஒருவர் மர அலமாரியிலிருந்து அந்தக் கைத்துப்பாக்கியை எடுத்துக் கொடுத்தார். வேட்டித் துண்டில் சுற்றியிருந்தது. பிரித்ததும் தேங்காய் எண்ணெயின் சிக்கு வாடை வந்தது. பூட்டுத் தகட்டில் முன்னங்காலில் மகுடம் ஏந்திய சிங்கம் மங்கலாகத் தெரிந்தது. கிழக்கிந்தியக் கம்பெனியின் முத்திரை அது. கேப், அதாவது தட்டினால் தீப்பற்றும் சின்ன உலோக மூடி, வைத்துச் சுடும் வகை. குண்டை இடித்து இறக்கும் சலாகை கீலோடு குழல் வாயில் பிணைந்திருந்தது.

"தாத்தா காலத்துல இருந்து இருக்கு தம்பி. குழலுக்குள்ள பாருங்க, கண்ணாடி மாதிரி. ஒருக்கா சுட்டுப் பார்க்கலாம்லா?"

"பளபளன்னுதான் இருக்கு அண்ணாச்சி. அளந்து பார்த்துட்டுச் சொல்லுதேன்."

பேட்டையில் எனக்கு லேத் பட்டறை. துப்பாக்கி பழுதுபார்க்க உரிமம் உள்ள ஒருவருக்கு வெகுகாலமாக அளவு எடுத்துக் கொடுத்து வருகிறேன். எனக்கு அந்த உரிமம் கிடையாது, அதனால் எந்தத் துப்பாக்கியிலும் நான் அரம் வைத்ததில்லை. அளப்பது மட்டும்தான் என் வேலை. இத்தனை காலத்தில் நான் உறுதியாகக் கற்றது ஒன்று: குழலின் பளபளப்புக்கும் அதன் நிலைமைக்கும் சம்பந்தம் கிடையாது. குண்டுக்கும் இரும்புக்கும் நடுவே இடைவெளி எவ்வளவு, அந்த இடைவெளி எந்த இடத்தில் இருக்கிறது என்பதை வைத்துத்தான் மற்றதெல்லாம் முடிவாகும். அதைக் கண்டுபிடிக்கும் வழியைக் கீழே எழுதியிருக்கிறேன். வெடிமருந்து எவ்வளவு போடலாம் என்ற கணக்கு இதில் இருக்காது. பழைய துப்பாக்கிக்கு அதைப் பொதுவாகச் சொல்லவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதலில் சட்டம்

"நூறு வருடப் பழசுக்கு லைசென்ஸ் எதற்கு?" என்று நம் ஊரில் பலர் கேட்பதைக் கேட்டிருக்கிறேன். 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 45-ஆம் பிரிவில் விலக்கு இருப்பது உண்மைதான். வழக்கொழிந்த மாதிரியாகவோ, பழம்பொருள் மதிப்புள்ளதாகவோ, பழுதடைந்ததாகவோ இருந்து, பழுது பார்த்தாலும் பார்க்காவிட்டாலும் சுடவே முடியாத ஆயுதத்துக்குத்தான் அந்த விலக்கு. ஆக, "இதைச் சுடலாமா?" என்று கேட்கும் நிலையில் ஒரு துப்பாக்கி இருந்தாலே அது விலக்குக்குள் வராது. உரிமம் கட்டாயம். பயிர்க்காவலுக்கு வாய்வழி மருந்து கெட்டிக்கும் நீளத் துப்பாக்கிக்கு உரிமம் தரச் சட்டத்தில் இடம் உண்டு. மலையடிவாரத்தில் பன்றிக்காக வைத்திருப்பவர்கள் அதைத்தான் சொல்வார்கள். கைத்துப்பாக்கிக்கு அந்த வழி இல்லை.

தாத்தா இறந்து, உரிமம் யார் பெயருக்கும் மாறாமல் துப்பாக்கி மட்டும் வீட்டில் கிடந்தால், முதலில் ஒரு வழக்கறிஞரைப் பாருங்கள். அவர் சொல்லும் முறைப்படி காவல் நிலையத்திலோ உரிமம் உள்ள விற்பனையாளரிடமோ ஒப்படைத்துவிட்டு, அதன்பின் ஆட்சியர் அலுவலகத்துக்கு மனுப் போடுங்கள். கருமருந்துக்கும் தனியாகச் சட்டம் இருக்கிறது. சிவகாசி பக்கத்தில் இருக்கிறது என்பதற்காக வீட்டில் வாங்கி வைத்துவிட முடியாது. அண்ணாச்சியிடம் உரிமம் சரியாக இருந்தது. அதைப் பார்த்த பிறகே, உரிமம் உள்ளவரின் கடைக்கு அண்ணாச்சியே கொண்டுவர, அங்கே வைத்து அளந்தேன்.

உள்ளே மருந்து இருக்கிறதா?

மற்ற எதையும் தொடுவதற்கு முன் இதைப் பார்த்தாக வேண்டும். இது மிகையல்ல. வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியைக் கெட்டித்து வைத்துவிட்டு, சுடாமலே மறந்துபோனவர்கள் அந்தக் காலத்தில் நிறைய. கருமருந்து ஈரம் படாமல் இருந்தால் நூறு வருடம் கழித்தும் பற்றும்.

ஒரு மரக்குச்சியைக் குழல் வாய் வழியாக மெதுவாக இறக்கி, தட்டும் இடம் வரை விடுங்கள். வாயின் விளிம்பில் பென்சிலால் கோடு போடுங்கள். வெளியே எடுத்து, அதே கோடு வாயோடு பொருந்தும்படி குழலின் பக்கவாட்டில் வையுங்கள். குச்சியின் முனை தீ நுழையும் துளை வரை, கேப் வகையாக இருந்தால் கேப் உட்காரும் குமிழான நிப்பிளின் அடி வரை வர வேண்டும். ஒரு அங்குலம் குறைந்து நின்றால் உள்ளே ஏதோ இருக்கிறது. குளவிக் கூடாகவும் இருக்கலாம், குண்டும் மருந்துமாகவும் இருக்கலாம். இதைச் செய்யும்போது முகமும் கையும் குழலுக்கு நேராக வரக்கூடாது. தட்டித் தீப்பற்றவைக்கும் சுத்தியலான குதிரையைத் தொடவே கூடாது.

அண்ணாச்சியின் துப்பாக்கியில் 215 மில்லிமீட்டர் போக வேண்டிய குச்சி 186-லேயே தட்டியது. 29 மில்லிமீட்டர் குறைவு. எல்லோரும் ஒரு நிமிடம் பேசவில்லை. அந்த வீட்டில் பிள்ளைகள் அதை எடுத்து விளையாடியிருக்கிறார்கள், ஆயுத பூஜைக்கு எடுத்து வைத்திருக்கிறார்கள், ஒரு கல்யாணத்தில் மாப்பிள்ளை கையில் கொடுத்துப் போட்டோகூட எடுத்திருக்கிறார்கள். உரிமம் உள்ளவர் நிப்பிள் துளை வழியாக எண்ணெய் விட்டு, இரண்டு நாள் ஊறப்போட்டு, திருகு முனைக் கம்பியால் குண்டை இழுத்து எடுத்தார். வெள்ளைப் பூத்த ஈயக் குண்டு. அதன் பின்னால் அடை அடையாகக் கருமருந்து. இந்த வேலையை வீட்டில் செய்யக்கூடாது. இருக்கிறது என்று தெரிந்ததுமே கையை எடுத்துவிட்டு, உரிமம் உள்ளவரையோ காவல் நிலையத்தையோ அழையுங்கள்.

சுழல் துப்பாக்கியாக இருந்தால், சுழலும் சிலிண்டரில் குண்டும் மருந்தும் வைக்கும் ஆறு அறைகளையும் ஒவ்வொன்றாகப் பாருங்கள். ஐந்து காலி, ஆறாவதில் குண்டு என்பது சாதாரணமாக நடக்கிற கதை.

என்ன காலத்து, எந்த மருந்துக்கானது?

தேய்மானத்தைப் பேசும் முன் அந்தக் குழல் எந்த அழுத்தத்துக்காகச் செய்யப்பட்டது என்று தெரிய வேண்டும். லண்டன் துப்பாக்கி செய்வோர் சங்கம் 1637-இல் அரச சாசனம் பெற்றது. பர்மிங்ஹாம் சோதனைக்கூடம் 1813-இல் வந்தது. வழக்கத்தைவிடக் கூடுதல் மருந்து போட்டுச் சுட்டு, குழல் தாங்கினால் முத்திரை அடிப்பார்கள். லண்டன் முத்திரையில் மகுடத்துக்குக் கீழே ஜி.பி. என்ற எழுத்துகளும் வி என்ற எழுத்தும் இருக்கும். பெல்ஜியத்தின் லியேஜ் முத்திரை நீள்வட்டத்துக்குள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகளோடு இருக்கும்.

இந்த முத்திரை இருப்பதைப் பார்த்ததும் நிம்மதி அடைந்துவிடாதீர்கள். செய்த நாளில் தாங்கியது என்பதுதான் அதற்கு அர்த்தம். அதற்குப் பிறகு துரு தின்ற இரும்பு அந்தக் கணக்கில் இல்லை.

கருமருந்துக்குச் செய்த குழலில், பிற்காலத்தில் வந்த அழுத்தம் கூடிய புகையில்லா மருந்தைப் போடவே கூடாது, எவ்வளவு குறைவாக இருந்தாலும் சரி. 1911 ஜூன் 17 அன்று மணியாச்சி சந்திப்பில் வாஞ்சிநாதன் கையில் இருந்தது பெல்ஜியத்தில் செய்த பிரௌனிங். புகையில்லா மருந்துத் தோட்டாவுக்காகவே பிறந்த துப்பாக்கி அது. அதற்கு அறுபது வருடம் முந்திய, 1851-ஆம் ஆண்டு மாதிரி கோல்ட் நேவியோ ஆடம்ஸோ கருமருந்துச் சுழல் துப்பாக்கிகள். நம் ஊரில் பேசும்போது எல்லாம் "வெள்ளைக்காரன் துப்பாக்கி" என்று ஒரே பெயரில் அடங்கிவிடும். இரும்புக்கு அந்த வித்தியாசம் உயிர்போகிற வித்தியாசம்.

சுத்தம் செய்வது, செய்யக்கூடாதது

நம் வீடுகளில் ஆயுத பூஜைக்கு முந்தின நாள் விளக்கு தேய்க்கும் புளியையே துப்பாக்கிக்கும் போடுகிறார்கள். செங்கல் பொடியும் சேர்ந்துகொள்ளும். பித்தளைக் காப்புகள் தங்கம்போல ஆகிவிடும், உண்மைதான். ஆனால் புளியின் அமிலம் இரும்பைத் தின்னும். செங்கல் பொடி முத்திரையை வருடா வருடம் அழிக்கும். குழல் வாயில் எலுமிச்சம்பழம் சொருகி வைத்ததையும் பார்த்திருக்கிறேன். அந்த வாய் விளிம்புதான் குண்டு கடைசியாகத் தொட்டுப் போகும் இடம், துப்பாக்கியிலேயே நுணுக்கமான இடம். பூஜையைப் பெட்டிக்குச் செய்யுங்கள். சந்தனமும் குங்குமமும் பெட்டியின் மூடியில் இருக்கட்டும்.

அப்புறம் தேங்காய் எண்ணெய். நாளாக நாளாக அது பிசினாகிச் சிக்கேறி, அடியில் ஈரத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். நல்லெண்ணெயும் அப்படித்தான். குழலின் பளபளப்புக்குக் காரணம் பல நேரம் இந்தக் காய்ந்த எண்ணெய்ப் படலம்தான். மண்ணெண்ணெயில் நனைத்த துணியால் நாலைந்து முறை துடைத்தால், கண்ணாடி மாதிரி இருந்த குழலுக்குள் அம்மைத் தழும்பு தெரியும். அண்ணாச்சியின் குழலிலும் அதுதான் நடந்தது. அவர் முகம் வாடிப் போனது. ஆனால் அந்தத் தழும்பைப் பார்க்காமல் சுட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதையும் அவருக்குச் சொல்ல வேண்டியிருந்தது.

உப்புத் தாளால் தேய்த்துப் பளபளப்பாக்குவது, சாணைக்கல்லால் உட்சுவரைத் தேய்க்கும் ஹோன் போடுவது எதுவும் வேண்டாம். என் கைக்கு வந்த ஒரு கைத்துப்பாக்கியை வெளியூர்க் கடையொன்றில் "சுத்தம் செய்து" கொடுத்திருந்தார்கள். குண்டைச் சுழற்றிவிடக் குழலுக்குள் வெட்டியிருக்கும் ரைஃப்ளிங் வரிகளின் விளிம்பு முழுக்க மழுங்கிப் போயிருந்தது. நூறு வருடத் தேய்மானம் செய்யாததை ஒரு மத்தியானத்தில் செய்துவிட்டார்கள்.

குழல் எப்படித் தேய்கிறது?

வாய்வழி கெட்டிக்கும் துப்பாக்கியில் அதிகம் தேய்வது வாய்ப்பகுதி. சுடுவதால் அல்ல, சலாகை ஒவ்வொரு முறையும் உரசி இறங்குவதால். அதுவும் வட்டமாகத் தேயாது. கை ஒரே கோணத்தில்தான் இடிக்கும் என்பதால் முட்டை வடிவில் தேயும். அடிப்பகுதியில் நடப்பது வேறு. கருமருந்து எரிந்ததும் அதன் எடையில் பாதிக்கும் மேல் திடப்பொருளாகத் தங்கிவிடும். அந்தக் கசடு காற்றின் ஈரத்தை உறிஞ்சும். கேப்பில் பொட்டாசியம் குளோரேட் இருந்திருந்தால் மிச்சம் நிற்பது ஒருவகை உப்பு. எண்ணெய் அதைக் கரைக்காது, வெந்நீர் கரைக்கும். சுட்ட அன்றே வெந்நீர் விட்டுக் கழுவாத குழல் அடியிலிருந்து அரிக்கத் தொடங்கும். ஜூன், ஜூலையில் குற்றாலச் சாரல் தென்காசி, கடையம் வரை காற்றை நனைத்து வைத்திருக்கும். உவரி, திருச்செந்தூர்ப் பக்கம் உப்புக் காற்று வருடம் முழுக்க. நம் சீமையில் துருவுக்குக் காரணம் தேட வேண்டியதே இல்லை.

இந்தக் குழிகள்தான் என்னைக் கவலைப்படுத்துபவை. குண்டைச் சுட்டதும் குழிக்குள் கசடு நிறையும். இரண்டாவது, மூன்றாவது முறை கெட்டிக்கும்போது குண்டு பாதி வழியில் இறுகும். "போதும், இறங்கிவிட்டது" என்று விட்டால் மருந்துக்கும் குண்டுக்கும் நடுவே வெற்றிடம் இருக்கும். அந்த நிலையில் சுட்டால் குண்டு நின்ற இடத்தில் குழல் மோதிரம்போல வீங்கும், அல்லது பிளக்கும். இன்னொன்று அதைவிட மோசம். ஆழமான குழிக்குள் கசடோடு ஒரு கனல் அணையாமல் கிடக்கும். அடுத்த மருந்தைக் கொட்டும்போது அதில் பற்றினால், கை குழல் வாய்க்கு நேராக இருக்கும் நேரத்தில் வெடிக்கும். தேய்மானத்தை "குறி தவறும், அவ்வளவுதானே" என்று நினைப்பவர்கள் இதை ஒருமுறை யோசித்துப் பார்க்க வேண்டும்.

கண்ணால் பார்ப்பது

போனில் சொருகும் எண்டாஸ்கோப் கேமரா 5.5 மில்லிமீட்டர் தடிமனில் கிடைக்கிறது. பெரிய வாய்த் துப்பாக்கிகளுக்கு அது போதும். வாயிலிருந்து அடி வரை மெதுவாக விட்டு, ஒவ்வொரு அங்குலத்திலும் நிறுத்திப் படம் எடுங்கள். மூன்றைத் தேடுங்கள்: குழிகள், நீளவாக்கில் போகும் கோடு, குறுக்கே இருண்ட வளையம். பழைய குழல்கள் இரும்புப் பட்டையைச் சுருட்டிப் பற்றவைத்துச் செய்தவை. நீளக் கோடு வெறும் கீறலாக இருக்கலாம், அந்தப் பற்றவைத்த இணைப்பு விடுவதாகவும் இருக்கலாம். கண்ணால் இரண்டையும் பிரித்தறிய முடியாது, அதனால் விரிசலாகவே எண்ணிக்கொள்ளுங்கள். இருண்ட வளையம் தெரிந்தால் அதே இடத்தில் வெளியே கட்டைவிரல் நகத்தை ஓட்டிப் பாருங்கள். மேடு தட்டினால் குழல் ஏற்கனவே ஒருமுறை வீங்கியிருக்கிறது. அதோடு அந்தத் துப்பாக்கியின் கணக்கு முடிந்தது, மேற்கொண்டு அளக்க வேண்டாம்.

அளப்பது

வெர்னியர் காலிப்பரைக் குழல் வாயில் வைத்து வருகிற எண்ணை நம்பாதீர்கள். அதன் தாடைக்குத் தட்டையான தடிமன் உண்டு. வளைந்த உட்சுவரில் வைத்தால் உண்மையைவிடக் குறைவாகக் காட்டும். டெலஸ்கோப்பிக் கேஜை உள்ளே விட்டு, விரித்து, பூட்டி, வெளியே எடுத்து மைக்ரோமீட்டரில் அளக்க வேண்டும். ஒவ்வொரு ஆழத்திலும் இரண்டு அளவு: மேல் கீழாக ஒன்று, இடம் வலமாக ஒன்று. வாயில், ஓர் அங்குலம் உள்ளே, நடுவில், கேஜ் எட்டும் வரை அடியில். நோட்டில் படம் வரைந்து எழுதிக்கொள்ளுங்கள்.

அண்ணாச்சியின் துப்பாக்கியில் நடுக்குழல் 16.5 மில்லிமீட்டர். அந்தக் காலத்துக் கார்பைன் என்ற குட்டை நீளத் துப்பாக்கியின் விட்டம் அது. வாயில் இடம் வலமாக 16.8, மேல் கீழாக 17.1. எடுத்த பழைய குண்டைத் துடைத்து அளந்தால் 15.9. இதைக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். நடுக்குழலில் குண்டைச் சுற்றி வாயு தப்பிக்கும் பரப்பு சுமார் 15 சதுர மில்லிமீட்டர். 17.1 விட்டம் உள்ள இடத்தில் அது 31. விட்டம் கூடியது வெறும் 0.6 மில்லிமீட்டர், ஓட்டை கூடியது இரண்டு மடங்கு. தேய்மானத்தைக் கையால் தடவிப் பார்த்து எடைபோட முடியாது என்று நான் சொல்வது இதனால்தான்.

ரைஃப்ளிங் உள்ள குழலில் வேலை கொஞ்சம் நுணுக்கம். இருபுறமும் திறக்கும் குழலாக, கழற்றிய சுழல் துப்பாக்கிக் குழல்போல இருந்தால் மெல்லிய ஈயத்தை உள்ளே தள்ளி அச்செடுக்கலாம். மீன்வலைக்குக் கட்டும் ஈயம் மென்மையானது, நன்றாக வரும். பேட்டரித் தகட்டு ஈயம் கெட்டி, வேண்டாம். குழலுக்கு எண்ணெய் தடவி, பித்தளைக் கம்பியால் மெல்லத் தள்ளி, எதிர்ப்பக்கம் விழுவதைத் துணியில் பிடியுங்கள். தள்ளும்போது கை உணர்வதையும் எழுதுங்கள். ஒரே இறுக்கமாகப் போனால் நல்லது. நடுவில் திடீரென்று இலகுவாகி மறுபடி இறுகினால் அந்த இடம் வீங்கியிருக்கிறது.

அச்சை அளக்கும்போது ஒரு தடங்கல் வரும். கோல்ட் நேவியிலும் வெப்ளி சுழல் துப்பாக்கியிலும் ஏழு வரிகள். ஒற்றைப்படை என்பதால் ஒரு வரிக்கு நேர் எதிரே வரி இருக்காது, மேடுதான் இருக்கும். சாதாரண மைக்ரோமீட்டர் தப்பான எண் தரும். மெல்லிய எஃகுத் தகட்டை அச்சைச் சுற்றி இறுக்கமாகச் சுற்றி, அதோடு அளந்து, தகட்டின் தடிமனை இரண்டு முறை கழியுங்கள். வி-வடிவ மைக்ரோமீட்டர் இருந்தால் இந்தச் சுற்றுவேலை தேவையில்லை.

அடி மூடிய வாய்வழித் துப்பாக்கியில் ஈயத்தைத் தள்ளாதீர்கள். உள்ளே போனது வெளியே வராது. வாயிலிருந்து இரண்டு அங்குலம் கீழே துணி அடைத்து, செர்ரோசேஃப் என்ற குறைவெப்ப உலோகத்தை வார்த்து அச்செடுக்கலாம். அது 70 முதல் 88 செல்சியஸுக்குள் உருகிவிடும், வார்த்து ஒரு மணி நேரத்தில் வார்த்த இடத்தின் சரியான அளவுக்கு வந்து நிற்கும், அப்போது அளக்க வேண்டும். அதில் காட்மியம் இருக்கிறது, சமையல் பாத்திரத்தில் உருக்காதீர்கள். குழி ஆழமாக உள்ள இடத்தில் வார்த்தால் உலோகம் குழிக்குள் பல் பதித்துப் பிடித்துக்கொள்ளும், அங்கே தவிர்த்துவிடுங்கள்.

கடைசியாகச் சுவரின் தடிமன். வெளி விட்டத்திலிருந்து உள் விட்டத்தைக் கழித்து இரண்டால் வகுத்தால் சராசரிதான் வரும். பழைய கைவேலைக் குழல்களில் துளை நட்டநடுவில் இருப்பது அபூர்வம். ஒரு பக்கம் கனமும் மறுபக்கம் மெலிசுமாக இருக்கும். குழியின் ஆழத்தை மெலிந்த பக்கத்தில் கழித்துப் பாருங்கள். உள் விட்டம் கூடினால் அழுத்தம் தாங்க வேண்டிய பரப்பும் கூடுகிறது, அதே நேரத்தில் தாங்கும் சுவரும் மெலிகிறது. இரண்டும் ஒரே திசையில் கெடுதலாகத்தான் போகும்.

அறையும் சிலிண்டரும்

கேப் வைக்கும் சுழல் துப்பாக்கியில் குண்டு அறையைவிடச் சற்றுப் பெரிதாக இருக்கும். இடிக்கும்போது அறை வாயில் ஈயம் மெல்லிய வளையமாகச் சீவிக்கொண்டு வர வேண்டும். அந்த வளையம் முழு வட்டமாக வந்தால் அறை வாய் நன்றாக இருக்கிறது. பிறைபோலப் பாதி மட்டும் வந்தால் மற்றப் பாதி அரித்துப் போயிருக்கிறது. அந்த இடைவெளி வழியாகப் பக்கத்து அறையின் தீ உள்ளே புகுந்து, ஒரே இழுப்பில் இரண்டு மூன்று அறைகள் வெடிக்கலாம். நிப்பிளில் தளர்ந்து உட்காரும் கேப் வழியாகப் பின்பக்கமிருந்தும் இது நடக்கும்.

அறை வாயின் விட்டத்தைக் குழலின் வரி விட்டத்தோடு ஒப்பிடுங்கள். அறை வாய் சமமாகவோ இம்மியளவு பெரிதாகவோ இருப்பது நல்லது. அறை 9.40, வரி 9.55 என்று இருந்தால், அறையில் ஒடுங்கிய குண்டு குழலில் ஆடிக்கொண்டுதான் போகும். ஆறு அறைகளுக்கும் எண் போட்டு ஆறையும் அளந்து பாருங்கள். ஐந்து குண்டு ஓரிடத்தில் விழுந்து ஆறாவது மட்டும் எங்கோ போவதற்குச் சுடுபவரின் கையைக் குறை சொல்வார்கள். பெரும்பாலும் குற்றம் ஓர் அறையில் இருக்கும்.

சிலிண்டருக்கும் குழலுக்கும் நடுவே உள்ள இடைவெளியைப் பார்க்க, பைக் மெக்கானிக் டேப்பெட் பார்க்கும் ஃபீலர் கேஜ் போதும். 0.15 முதல் 0.25 மில்லிமீட்டர் வரை நல்லது. சிலிண்டரை முன்னும் பின்னும் தள்ளி இரண்டு நிலையிலும் பாருங்கள். பிறகு குதிரையை இழுத்து நிறுத்திய நிலையில் சிலிண்டரைப் பக்கவாட்டில் ஆட்டிப் பாருங்கள். குழலுக்குள் சரியான விட்டமுள்ள தண்டை விட்டால் அறை வரை இடிக்காமல் போக வேண்டும். விளிம்பில் தட்டினால் சுடும்போது ஈயம் சீவிப் பக்கத்தில் நிற்பவர் கன்னத்தில் தெறிக்கும்.

தோட்டா போடும் வகையில் அறை அரித்திருந்தால், சுட்ட பித்தளைக் கூடு குழிக்குள் ஒட்டி வெளியே வராது. அறை பெருத்திருந்தால் கூடு வயிறு தள்ளியோ நீளவாக்கில் கிழிந்தோ வரும். எங்காவது பழைய கூடு கிடைத்தால் அதையும் பாருங்கள், அறையைப் பற்றி நிறையச் சொல்லும்.

தீ நுழையும் துளை

இதைப் பலர் பார்ப்பதே இல்லை. சக்கிமுக்கிக் கல் வகையில் இந்தத் துளை 1.6 முதல் 1.8 மில்லிமீட்டர் இருந்தால் நன்றாக வேலை செய்யும். ஒவ்வொரு சூட்டிலும் சூடான வாயு அறுத்து அறுத்து 3 மில்லிமீட்டர் ஆகியிருந்தால் பரப்பு ஏறக்குறைய மூன்று மடங்கு. குண்டுக்குப் பின்னால் இருக்க வேண்டிய வேகம் பக்கவாட்டில் நெருப்பாகப் பீறும், வலப்பக்கம் நிற்பவர்மேல். கேப் வகையில் நிப்பிளின் அடித்துளை பெருத்திருந்தால், சுட்டதும் குதிரை தானே பின்னால் எகிறிப் பாதி நிலைக்கு வரும். நல்லவேளையாக நிப்பிளை மாற்ற முடியும். தீத்துளைக்குத் துளையுள்ள சின்னப் புதுக் குழாய் பதிக்க முடியும். இரண்டும் உரிமம் உள்ளவர் செய்ய வேண்டியவை.

குழலின் பின்முனையை மூடும் அடியடைப்புத் திருகைக் கழற்றிப் பார்க்க ஆசை வரும். வேண்டாம். துருவேறிய மறையை முறுக்கினால், விரிசல் இல்லாத இடத்திலும் விரிசல் வரும்.

குறியில் என்ன தெரியும்?

வெளிநாட்டில் வாய்வழித் துப்பாக்கிப் போட்டிகளில் அசல் பழைய கைத்துப்பாக்கிகளை 25 மீட்டரில் சுடுகிறார்கள். அரை மணி நேரத்தில் 13 குண்டுகள், சிறந்த 10 கணக்கில் வரும். அங்கே சுடப்படுபவையும் புத்தம்புதுக் குழல்கள் அல்ல. உள்ளே மெல்லிய சொரசொரப்பு இருந்தாலும் வாய் விளிம்பு வட்டமாகவும் கூர்மையாகவும் இருந்தால் குழல் நன்றாகச் சுடும். உள்ளே பளபளத்து, வாய் முட்டை வடிவமானது சுடாது. வாயைத் தாண்டும் கணத்தில் தேய்ந்த பக்கம் வாயு முந்திக்கொண்டு குண்டை மறுபக்கம் தள்ளிவிடும்.

வேகம் குறைந்தால் குண்டுகள் குறிக்குக் கீழே விழும். சிதறல் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் வாயைச் சந்தேகியுங்கள். நீளக் குண்டு அட்டையில் சாவித் துவாரம்போலப் பக்கவாட்டில் துளை போட்டால் வரிகள் அதைச் சுழற்றவில்லை. முதல் மூன்று சூடு நன்றாக இருந்து பிறகு சிதறினால் குழிகளில் கசடு சேர்கிறது.

முடிவு எடுப்பது

வீக்கம், நீளக் கோடு, மெலிந்த பக்கத்தில் ஆழக் குழி, ஆடும் அடியடைப்பு ஆகியவற்றில் ஒன்று இருந்தாலும் அந்தத் துப்பாக்கியைச் சுடக்கூடாது. பேச்சுக்கே இடமில்லை. வாய் மட்டும் தேய்ந்திருந்தால், குண்டையும் சுற்றும் துணியையும் அளவுக்கேற்ப மாற்றிப் பார்க்கலாம் என்று உரிமம் உள்ளவர் சொல்லக்கூடும். வாயை வெட்டிச் சீராக்கலாம் என்று யாராவது சொன்னால் நான் வேண்டாம் என்பேன். இருநூறு வருடம் தப்பி வந்த பொருளை, ஒரு பகல் சூட்டுக்காக அரை அங்குலம் வெட்டுவது எனக்கு மனம் ஒப்பாத காரியம். சுடும் ஆசை உள்ளவருக்கு அதே மாதிரியில் புதிதாகச் செய்த துப்பாக்கிகள் உலகில் இருக்கின்றன, அவற்றுக்கும் உரிமம் வேண்டும்.

அண்ணாச்சியின் துப்பாக்கியில் அடியிலிருந்து இரண்டு அங்குலத்தில், மெலிந்த பக்கத்தில், குழி கிட்டத்தட்ட ஒரு மில்லிமீட்டர் ஆழம். நோட்டில் வரைந்து காட்டினேன்.

"அப்ப இது சுடாதோ?"

"சுடும் அண்ணாச்சி. எந்தப் பக்கம் சுடும்னு சொல்ல முடியாது."

அவர் கொஞ்ச நேரம் அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எப்படி வைத்துக் காப்பாற்றுவது என்று கேட்டார். தோல் உறையில் வைக்க வேண்டாம், தோல் ஈரம் பிடிக்கும், இரும்பைக் கறுக்கவைக்கும். வேட்டித் துண்டும் வேண்டாம். மெல்லிய கனிம எண்ணெய் உள்ளே, வெளியே மெழுகு, குழல் வாய் கீழ்நோக்கி நிற்கும்படி ஒரு மரத் தாங்கி. அப்படி நிறுத்தினால் மிச்ச எண்ணெய் கட்டைக்குள் இறங்காது. சாரல் தொடங்கும் முன் ஒருமுறை, ஐப்பசி மழை முடிந்து ஒருமுறை எடுத்துத் துடைத்தால் போதும். அம்பாசமுத்திரத்தில் ஒரு ஆசாரியிடம் சொல்லித் தேக்கில் பூட்டுள்ள பெட்டி செய்தார். எடுத்த ஈயக் குண்டைச் சின்னப் பஞ்சுப் பொட்டலத்தில் அதன் மூலையில் வைத்திருக்கிறார், என் நோட்டுத் தாளின் நகலும் மூடிக்கு உள்பக்கம் ஒட்டியிருக்கிறது. போன ஆயுத பூஜைக்குப் போனபோது சந்தனம் பெட்டியின் மேல்தான் இருந்தது.